மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாத குளிசை

கைராசியான டாக்டர் என்று எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார். அதே மருந்தைப் பக்கத்து டாக்டர் எழுதினாலும் இவர் கையால் எழுதினால்தான் கேட்கும் என்று ஆலங்குடாவிலிருந்து புத்தளத்துக்கு பஸ் ஏறுவார்கள். பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே வயசு போய்விட்ட எனக்கு இதெல்லாம் பழகிய கதை. "இந்தக் குளிசை எனக்குக் கேக்காது தம்பி, அந்த மஞ்சள் பெட்டியில வாறதைத் தாங்க" என்பார் ஒருவர். அடுத்தவர் மச்சானின் துண்டோடு வருவார்: "அவருக்குச் சுகமாகிட்டு, எனக்கும் அதையே தாங்க." காஸ்ட்ரிக் குளிசை போட்டால் தலை சுத்துது என்று சத்தியம் பண்ணுகிறவர்களும் உண்டு.

தொடக்கத்தில் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. ஒருத்தருக்குக் கேட்பது இன்னொருத்தருக்குக் கேட்காது, ஒருத்தர் சாதாரணமாக விழுங்குவது இன்னொருத்தரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தும் என்று நம் சனத்துக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. காரணமாகச் சொல்வதுதான் கைராசி, சூட்டு உடம்பு, கண்ணூறு என்று போகிறது. உண்மைக் காரணத்தில் ஒரு பங்கு உம்மாவிடமும் வாப்பாவிடமும் இருந்து வந்த மரபணுவில் இருக்கிறது. அதை எனக்கு விளங்கப்படுத்தியது புத்தகம் இல்லை, சின்ன மாமாவின் மூத்திரம். சொல்ல ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில், பங்கீட்டு அரிசி, வரிசையில் நின்று அள்ளும் கிணறு. இன்றைக்கு ஆலங்குடா என்றால் காத்தாடிப் பலகையில் கடலில் பறக்கும் வெள்ளைக்காரர்களும் டொல்பின் பார்க்கப் போகும் வள்ளங்களும்தான் கூகுளில் வருகிறது. அன்றைக்கு எங்களுக்கு வந்தது நுளம்பு. அதோடு மலேரியா.

மாமாவுக்கு வந்தது வைவாக்ஸ் வகை. விரலில் இரத்தம் குத்திப் பார்த்து, முதலில் குளோரோகுயின் கொடுத்தார்கள். பிறகு பிரைமாகுயின் என்ற குளிசையைச் சில நாள் தொடர்ந்து போடச் சொன்னார்கள். ரெண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் மாமாவுக்குக் கால் தூக்கி வைக்க ஏலவில்லை. கண் மஞ்சளாகியது. மூத்திரம் பால் ஊற்றாத கடுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. மூத்தவர்கள் கூடிப் பார்த்து மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, இருந்த குளிசையை எல்லாம் நிறுத்திவிட்டுக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கிழமை போக மூத்திரம் தெளிந்தது. கீழ்க்காய்நெல்லிக்கு அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெரிய மரியாதை.

மாமாவைக் காப்பாற்றியது அந்த இலை இல்லை, குளிசையை நிறுத்தியது. அது எனக்கு விளங்கியது மருந்துத் தொழிலுக்கு வந்து வெகுகாலத்துக்குப் பிறகு.

நடந்தது இதுதான். நமது செங்குழியத்துக்குள் ஜீ6பீடீ என்று ஒரு நொதியம் இருக்கிறது. கடற்கரையில் இரும்பை விட்டால் எப்படித் துரு ஏறுமோ, அதே மாதிரி ஒட்சியேற்றம் செங்குழியத்தையும் நாள்தோறும் அரிக்கப் பார்க்கிறது. அந்த அரிப்பைத் தடுக்கும் பொருளைத் தொடர்ந்து உண்டாக்கிக் கொடுப்பது இந்த நொதியம்தான். உடம்பின் மற்றக் கலங்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உண்டு. செங்குழியத்துக்குக் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்த நொதியத்தை வைத்துத்தான் 120 நாள் ஆயுளை ஓட்ட வேண்டும், புதிதாகச் செய்துகொள்ள முடியாது. இந்த நொதியம் பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாட்களில் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பார்கள். மாமா வலை இழுத்தார், பந்து விளையாடினார். பிரைமாகுயின் உள்ளே போனதும் ஒட்சியேற்றம் பல மடங்கு கூடுகிறது, தாங்க முடியாத செங்குழியங்கள் உடைகின்றன, உள்ளே இருந்த ஈமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. அந்தத் தேத்தண்ணி நிறம் அதுதான்.

முதலில் உடைவது வயசுபோன செங்குழியங்கள், ஏனென்றால் அவற்றில்தான் நொதியம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். குறைபாட்டிலும் பல வகை உண்டு. ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள வகையில் புதிதாகப் பிறக்கும் செங்குழியங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதனால் பெரும்பாலும் உடைவு தானாகவே அடங்கிவிடும். மத்தியதரை வகை என்று சொல்வதில் அந்தச் சலுகை இல்லை. குளிசை தொடர்ந்தால் உடைவும் தொடரும், இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம். மாமாவுக்கு எந்த வகை என்று யாரும் பார்க்கவில்லை.

இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்த கதை அவ்வளவு நல்ல கதை இல்லை. அமெரிக்காவில் சிக்காகோ பக்கம் ஸ்டேட்வில் சிறைச்சாலைக் கைதிகள் மீது மலேரியா மருந்துகளைச் சோதித்தார்கள். பிரைமாகுயின் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகள் சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் 1956இல் இந்த நொதியக் குறைபாட்டைக் கண்டார்கள். மறுவருஷம் ஆர்னோ மொட்டுல்ஸ்கி என்ற மருத்துவர், மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினையைப் பரம்பரை தீர்மானிக்கலாம் என்று எழுதினார். 1959இல் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் ஃபோகல் இந்தத் துறைக்குப் பெயரும் வைத்தார். ஆகப் புதிய விஞ்ஞானம் என்று பத்திரிகைகள் எழுதும் இந்த விஷயத்துக்கு என் வாப்பாவின் வயசு.

உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு என்று கணக்கு. இவ்வளவு பேருக்கு ஏன்? மலேரியா ஆண்ட நாடுகளில்தான் இது அதிகம். நொதியம் குறைந்த செங்குழியத்தில் மலேரியா ஒட்டுண்ணிக்குச் சௌகரியம் குறைவு என்பதால், இந்தக் குறைபாடு உள்ளவர்கள் மலேரியாவில் சாவதிலிருந்து ஓரளவு தப்பி, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் விளக்கம். பாட்டன் காலத்தில் மலேரியாவிடமிருந்து காத்த அதே குணம் பேரன் காலத்தில் மலேரியாக் குளிசையிடம் மாட்டிவிடுகிறது.

இலங்கை மலேரியாவிடம் பட்டது கொஞ்சம் இல்லை. 1934, 35 கொள்ளைநோயில் மட்டும் 80,000 பேர் அளவில் செத்தார்கள். 1963இல் நாடு முழுக்க வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்து, முடிந்தது என்று கை தளர்ந்த கொஞ்ச வருஷத்தில், 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. கடைசி உள்ளூர் நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். 2016 செப்டம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த வெற்றியில் பிரைமாகுயினுக்குப் பெரிய பங்கு உண்டு. வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து திரும்ப எழும்பி வரும். அங்கே கிடப்பதைக் கொல்லத் தெரிந்த குளிசைகள் மிகச் சில. மாமாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக அதைக் கெட்ட மருந்து என்று எழுதினால் நான் நன்றி கெட்டவன்.

கொடுக்க முன் ஒரு சொட்டு இரத்தத்தில் ஜீ6பீடீ பார்க்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். குறைபாடு இருந்தாலும் வழி உண்டு: நாள்தோறும் கொடுக்காமல் கிழமைக்கு ஒரு தடவை, எட்டுக் கிழமைக்கு, மருத்துவக் கண்காணிப்பில். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயின் ஒரே தடவை விழுங்கினால் போதும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உடம்பில் கிழமைக்கணக்கில் தங்கும். மாமாவுக்குச் செய்தது போல நிறுத்திப் பிழைக்க வழி கிடையாது. அதனால் நொதியத்தின் அளவு நூற்றுக்கு 70க்கு மேல் என்று அளந்து பார்த்த பிறகுதான் கொடுக்கலாம்.

மலேரியாதான் போய்விட்டதே, இனி எதற்கு இந்தக் கதை என்று கேட்பவர்களுக்கு ரெண்டு பதில். ஒன்று, சான்றிதழ் கிடைத்த அதே 2016 கடைசியில் எங்கள் சொந்த மன்னாரிலேயே அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகர நுளம்பு பிடிபட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும் சாதி அது. மாணிக்க வியாபாரத்துக்கு ஆப்பிரிக்கா, மடகஸ்கார் போகிறவர்களும் இந்தியா போய்வருகிறவர்களும் மலேரியாவை உடம்பில் கொண்டுவருவது இன்னும் நிற்கவில்லை. ரெண்டாவது, இந்தக் குறைபாட்டுக்கு ஆகாதது பிரைமாகுயின் மட்டும் இல்லை. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், மூத்திரக் கடுப்புக்கு எழுதும் நைட்ரோஃபியுரன்டோயின் என்று பட்டியல் போகிறது. அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையும் அதில் உண்டு. அந்த உருண்டை போட்டு வைத்த துணியில் பிறந்த பிள்ளையைச் சுற்றினால், குறைபாடுள்ள குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். பிள்ளையின் நாற்பதாம் நாளுக்கு எடுத்துவைத்த பழைய பட்டுத் துணியை வெயிலில் போட்டுத் துவைத்துவிட்டுப் பாவியுங்கள் என்று பிள்ளை பெற்ற வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். என்னைக் கண்டால் இப்போது சில பேர் உருண்டையை ஒளிக்கிறார்கள்.

சரி, இது ஒரு குறைபாட்டின் கதை. இனிச் சொல்லப்போவது குறைபாடே இல்லாதவர்களின் கதை. எனக்கு இதுதான் கூடுதல் சுவாரசியம்.

மெட்ராஸ் சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே குளிசை கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது அந்த நிலையம்தான். அது ஊரறிந்த புகழ். அதே நோயாளிகளிடம் அவர்கள் கண்ட இன்னொரு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஐசோனியாசிட் என்ற காசநோய்க் குளிசையை ஈரல் ஒரு நொதியத்தால் மாற்றி வெளியேற்றுகிறது. சிலருக்கு அது வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. அங்கே பார்த்த தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 வீதம் மெதுவாக வெளியேற்றுகிறவர்கள். ஜப்பானில் இது நேர்மாறு, பெரும்பாலானவர்கள் வேகக்காரர்கள். மெதுவானவர்களின் இரத்தத்தில் மருந்து நெடுநேரம் நிற்கும், அதனால் கூடிய அளவில் கொடுத்தபோது கால் விறைப்பு, உள்ளங்கால் எரிவு என்று நரம்புக் கோளாறு பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வந்தது. வேகக்காரர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கிழமைக்கு ஒரு தடவை மருந்து என்ற முறையை வைத்துப் பார்த்தபோது அவர்களுக்குத்தான் பலன் குறைந்தது. அடுத்த தடவை வரும் முன்னே மருந்து உடம்பை விட்டுப் போய்விடுகிறதே. ரெண்டு கூட்டத்துக்குமே இதில் குறைபாடு இல்லை, வேறு வேறு வேகம், அவ்வளவுதான். ஒருவருக்கு வேகம் நல்லதா மெதுவு நல்லதா என்பது கூட எந்த முறையில் மருந்து கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இதற்குத் தீர்வாக எல்லாரையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பவில்லை அவர்கள். மலிவான விற்றமின் பி6 குளிசை அந்த நரம்புக் கோளாறைத் தடுக்கும் என்று கண்டார்கள். இன்றைக்கும் காசநோய் மருந்தோடு ஒரு சின்னக் குளிசை சேர்த்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். "விற்றமின்தானே" என்று சனம் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். நிறுத்தாதீர்கள். நம்மில் பாதிக்கு மேல் மெதுவானவர்கள்.

இனி நமது வாப்பாமார்கள் விழுங்கும் குளிசைக்கு வருவோம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த வீடுகளில் குளோபிடோகிரல் இல்லாத வீடு இல்லை. இந்தக் குளிசை அப்படியே வேலை செய்யாது. ஈரலில் உள்ள சிவைபி2சி19 என்ற நொதியம் அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும். நொதியம் மந்தமாக இருந்தால் குளிசை ஒழுங்காக உள்ளே போகும், வேலை மட்டும் நடக்காது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவர் ஆதித்தன் குழுவினர் 2003இல் தமிழ் மக்களிடம் இந்த மரபணுவைப் பார்த்தார்கள். மந்தமான பிரதி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. அது ஐரோப்பியரிடம் காண்பதைப் போல ரெண்டு மடங்கு அளவு. கிழக்கு லண்டனில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தான் குடும்பங்களிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. அவர்களில் 57 வீதத்தினரிடம் மந்தமான பிரதி ஒன்றாவது இருந்தது. ரெண்டு பிரதியும் மந்தமானவர்களுக்கு மறுபடியும் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. பெரிய மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம் நடந்தன, குளிசை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் இந்தக் குளிசைப் பெட்டியில் எச்சரிக்கை போட வைத்தது. ஆசியர்களும் பசிபிக் தீவினரும் நிறைந்த ஹவாய் மாநிலம் இதை மறைத்தார்கள் என்று 2014இல் கம்பனிகள் மீது வழக்கே போட்டது. அது மேன்முறையீடு, மறுவிசாரணை என்று இழுபட்டுக்கொண்டே போனது. பிரித்தானியாவில் 2024 ஜூலையில், பாரிசவாதம் வந்தவர்களுக்குக் குளோபிடோகிரல் கொடுக்க முன் இந்த மரபணுவைப் பார்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள்.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே வாப்பாவின் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக அதை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். வேறு குளிசைகள் இருக்கின்றன, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். அதோடு நானே கவுண்டரில் அடிக்கடி காணும் ஒரு விஷயம்: காஸ்ட்ரிக்குக்கு ஒமிப்ரசோல். ஊரில் பாதிப்பேர் துண்டே இல்லாமல் வாங்குவது. அந்த ஒமிப்ரசோல் அதே நொதியத்தைத்தான் மறிக்கிறது. பிறப்பில் நல்ல நொதியம் கிடைத்தவரும் ரெண்டையும் சேர்த்து விழுங்கினால் மந்தமானவர் பக்கம் போய்விடுகிறார். பான்டோப்ரசோலில் இந்தத் தொல்லை குறைவு. குளோபிடோகிரல் எடுப்பவர் என்றால் வாங்கும்போது அதைச் சொல்லுங்கள். மரபணுவை மாற்ற முடியாது, இதை மாற்றலாம்.

ஒரு பக்கக் கதை. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் வாழும் ஆரிய வைசியர்கள் பலகாலமாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள். அவர்களிடம் ஒரு நொதியக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சத்திரசிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெதோனியம் ஊசி மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் தெளியும், இவர்களில் சிலருக்கு மணிக்கணக்கில் மூச்சுக்கருவியில் வைத்திருக்க வேண்டி வரும். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த மரபணு மாற்றத்தை 2006இல் அடையாளம் கண்டார்கள். அங்கே மயக்க மருந்து டாக்டர் ஆளின் சமூகத்தைக் கேட்பதில் மருத்துவ நியாயம் இருக்கிறது.

அதே கேள்வியைப் புத்தளக் கரையில் கேட்டால் என்ன கிடைக்கும்? இங்கேதான் எனக்குத் தடுக்கிறது. இந்தக் கரைக்கு அரபிகள் வந்தார்கள், மலாயர் வந்தார்கள், பரதவர் வந்தார்கள், நீர்கொழும்புப் பக்கமிருந்து வாடி அடிக்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் காலம் தொட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி இன்னும் மஞ்ஞா பாடி ஆடுகிறது. எங்கள் வடக்குச் சனம் கடைசியாக வந்து சேர்ந்தது. அடையாள அட்டையில் உள்ள இனத்தை வைத்து யாருடைய ஈரலில் எது இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

சிங்கப்பூர் இதைச் சரியாகச் செய்தது என்பது என் எண்ணம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும், உயிரும் போகலாம். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் அந்த ஆபத்துப் பெரிது என்று 2004இல் தைவானில் கண்டார்கள். சீனரிடமும் மலாயர் போன்ற தென்கிழக்காசிய மக்களிடமும் அது அதிகம், இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2013 முதல், புதிதாக அந்தக் குளிசை தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு அரசு உதவிப்பணத்தோடு சோதனை பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்துச் சீனரா தமிழரா என்று தரம் பிரிக்கவில்லை. அந்தத் தோல் நோயும் அங்கே அருகிவிட்டது.

மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைக்காமல் இலங்கையில் மருந்தைப் பற்றி எழுத முடியாது. எல்லாருக்கும் தேவையான மருந்து, பொதுப்பெயரில், ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில் என்ற அவர் கொள்கையில்தான் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழும்பியது. ஆளுக்கு ஆள் மருந்து மாற வேண்டும் என்ற பேச்சு அதற்கு எதிரானது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பணக்காரர் கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்தில் எச்சிலைக் கொடுத்து முழு மரபணு வரைபடமும் வாங்கட்டும், அது வேறு வியாபாரம். பிபிலேயின் பட்டியலில் உள்ள மருந்தை அதனால் பாதிக்கப்படப்போகும் ஆளுக்குக் கொடுக்காமல் தடுக்கும் சோதனை எது என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் வரும். ஜீ6பீடீ சோதனை அதில் முதலாவது. அந்தச் சோதனையும் குளிசைப் பட்டியலோடு சேர்ந்து நடக்க வேண்டியது என்பது என் வாதம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் எனக்கு வரும் "கேக்கல்ல" என்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மரபணு காரணமே இல்லை. மூன்று வேளைக் குளிசையை ஒரு வேளை போட்டவர், நோன்பில் தானாக நேரம் மாற்றியவர், கரண்ட் இல்லாத வீட்டில் இன்சுலினைச் சன்னலோரம் வைத்தவர், 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் நாலு நாளைக்கு ஒன்று என்று பங்கு போட்டவர். சிறுநீரகம் தளர்ந்த வயோதிபருக்குப் பழைய அளவே நஞ்சாகும். இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பரம்பரைப் பக்கம் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் பரம்பரைப் பக்கம் போனோம். ஜீ6பீடீ மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் உம்மாவிடமிருந்து வருவது. அதனால் இந்த விஷயத்தில் வாப்பா வழிக் கதை மகனுக்கு ஒன்றும் சொல்லாது, தாய்மாமன்தான் முக்கியம். மாமாவுக்கு இருந்தால் உம்மா அதைச் சுமக்கலாம், சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் சரிபாதி வாய்ப்பு. சோதித்துப் பார்த்தோம். எனக்கு இல்லை, தம்பிக்கு இருக்கிறது. ஒரே வயிறு, ஒரே சட்டியில் சாப்பாடு. தம்பிக்கு அது வருத்தம் இல்லை என்று விளங்கப்படுத்துவதற்கே ஒரு மாதம் ஓடியது. "அப்ப நான் மலேரியாவுக்குப் பயப்படத் தேவல்லயா நானா?" என்று கேட்டான். தேவை என்றேன். காப்பு கொஞ்சம்தான், கவசம் இல்லை.

சிக்கல் தங்கச்சியிடம் வந்தது. தம்பிக்கு இருப்பதால் உம்மா சுமப்பவர் என்பது உறுதி, ஆகவே தங்கச்சியும் சுமக்கலாம். அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனைச் சோதிக்கச் சம்மதித்தாள், அவனுக்கு இல்லை. மகளை விடமாட்டேன் என்று நின்றாள். "நாளைக்குக் கல்யாணம் பேச வாறவங்க காதில விழுந்தா, குறை உள்ள பிள்ளை என்று சொல்லுவாங்க." ஊரைத் தெரிந்தவன் நான், அவள் சொல்வதை மறுக்க முடியவில்லை. அதோடு பெண்ணுக்கு எக்ஸ் ரெண்டு இருப்பதால் சில செங்குழியத்தில் நல்ல பிரதி வேலை செய்யும், சிலதில் மற்றது. சாதாரணப் பட்டிச் சோதனை சில வேளை "சரி" என்று காட்டிவிட்டுப் போகும், உண்மையில் நொதியம் பாதியளவே இருக்கலாம். அளவு பார்க்கும் சோதனை செய்தால்தான் தெரியும்.

சண்டை பிடித்து முடிவில் நாங்கள் ஒத்துக்கொண்டது இது. மகளை இப்போதைக்குச் சோதிக்கவில்லை. அவளது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தாய்மாமனுக்கு ஜீ6பீடீ குறைபாடு உண்டு என்று எழுதினோம். தமிழில் மட்டும் எழுதினால் இரவு வேளையில் கடமையில் இருக்கும் டாக்டருக்கு விளங்காமல் போகலாம் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். கீழே ஆகாத மருந்துகளின் பெயர்கள். அதே பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்துத் தம்பி பேர்சில் வைத்திருக்கிறான், மாமாவுக்கும் ஒன்று கொடுத்தேன். மாமா அதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டது கீழ்க்காய்நெல்லியையும் ஏன் எழுதவில்லை என்று.